முகையூர்த் தண்ணீர்

விழுப்புரம் தாண்டியதும் வேனின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

உள்ளேயே தங்கும்படி மாற்றிக் கட்டிய பழைய வேன். குயிலாப்பாளையத்தில், தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் மனைவி ரோஸ்லின் ஆசைப்பட்டு வாங்கியது. வண்டியை ஓட்டிய அருணின் முதுகுக்குப் பின்னால் தகரத் தடுப்பு. அதற்கப்பால் கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி. தரையிலுள்ள மிதியைக் காலால் ஓங்கி அழுத்தினால்தான் குழாயில் தண்ணீர் வரும். அங்கே இருந்தது நான்கு வயது மகள் மெர்லின் மட்டும். அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மிதி மறுபடி கிறீச்சிட்டது. தண்ணீர் விழுந்தது.

இன்று கல்லறைத் திருநாள். ரோஸ்லின் போன பிறகு வந்த முதலாவது. விடியலில் திண்டிவனத்திலிருந்து கிளம்பி, அவள் ஊரான முகையூருக்குப் போய், கல்லறையைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றினான். அழுகை வரவில்லை. திரும்பும் முன் கல்லறைத் தோட்டத்து அடிபம்பில் வண்டியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினான். மாமியார் சவுரியம்மாள் குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தத் தண்ணிய வூட்டுக்கு எடுத்துக்கினு போவாதீங்க மாப்ள.”

“இது வீடு இல்ல அத்தை, வண்டி.”

“கட்டிலு கீது, அடுப்பு கீது. வூடு இல்லாம இன்னா, ரயிலா? பேஜாரு பண்ணாம புள்ளய எங்கிட்ட வுட்டுட்டுப் போங்க.”

“எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான் அத்தை.”

இப்போது பின்னால் இருப்பது அந்தக் கிழவிதானோ, பேத்தியைத் தூக்கிப்போக வண்டியில் ஏறி ஒளிந்துகொண்டாளோ? போன் செய்தான்.

“அத்தை, எங்க இருக்கீங்க?”

“வூட்லதான், மல்லாட்டை உரிச்சிக்கினு. ஏன், புள்ள அழுவுதா?”

பின்னணியில் நிலக்கடலைத் தோல் நொறுங்கியது, கோழி கொக்கரித்தது. அவள் பொய் சொல்லவில்லை.

தடுப்பின் இடுக்கு வழியே சந்தன சோப்பின் வாசனை மெல்லக் கசிந்து வந்தது, அதற்கடியில் ஈர மண்ணின் நெடி, அதற்கும் அடியில் வாடிய செவ்வந்தியின் கசப்பு. யாரோ தலை தேய்த்துவிடும்போது எழும் நுரைச் சத்தம், வளையல் சத்தம், எதிர்வரும் லாரிகளின் இரைச்சலிலும் மூழ்காமல் தொடர்ந்தது.

“மெர்லின்!”

“ம்...”

“யார்டா அங்க?”

“பேசக் கூடாதாம்ப்பா.”

பிரேக். மயிலம் சாலை பிரியும் இடம். நல்ல வெயில். இறங்கி ஓடினான். பின்கதவு. கைப்பிடி ஈரம். இழுத்தான்.

உள்ளே வேறு யாரும் இல்லை.

மெர்லின் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். ஈரத் தலையை வகிடெடுத்து வாரியிருந்தது. மார்பின் மேல் கூப்பிய கைகள். விரல்களில் ஜெபமாலை. வெள்ளைத் துணிக் கிழிசலால் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. ரோஸ்லினை இப்படித்தான் கிடத்தியிருந்தார்கள்.

மார்பு ஏறி இறங்கியது. உயிர் இருந்தது.

“எழுந்திரு. மெர்லின். அப்பாகிட்ட வா.”

அவள் அசையவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. பார்வை கட்டிலின் கால்மாட்டில், ஓர் ஆள் உயரத்தில் நிலைத்திருந்தது.

“அப்பா வந்துட்டாரு,” என்று அந்த வெற்றிடத்திடம் கிசுகிசுத்தாள். “இப்ப கண்ண மூடிக்கட்டுமா?”