பின்சீட்டு ஈரம்

இரவு படுக்கப் போகுமுன் பாலகுரு தன் கையாலேயே மடக்கிவைத்த பைக்கின் பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் இரண்டும் காலையில் விரிந்திருந்தன.

தானாக விரியக்கூடிய சமாச்சாரம் அல்ல அது. உள்ளே ஸ்பிரிங் வைத்து இறுக்கிய இரும்பு. பின்னால் உட்காருகிறவர் காலால் அழுத்தித் தள்ளினால்தான் டக்கென்று கீழே இறங்கும். இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது. ரப்பரில் ஈரம் இருந்தது. குனிந்து விரலால் தொட்டான். தொட்ட விரலை என்ன நினைத்தோ நாக்கில் வைத்தான். கரித்தது.

உப்பளத்தில் எதைத் தொட்டாலும் கரிக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மேஸ்திரிக்கென்று முதலாளி கட்டிக்கொடுத்த ஓட்டு வீடு அது. மூன்று பக்கமும் பாத்திகள், பின்னால் கழுவெளி ஏரித் தண்ணீர். கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, கயிற்றில் காயும் துணி, எல்லாமே கரிக்கும். வீட்டிலிருந்து ஈ.சி.ஆர். ரோட்டுக்குப் போக ஒரே வழி, பாத்திகளுக்கு நடுவே ஓடும் நீண்ட மண்வரப்பு. ஒரு வண்டி போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் யாராவது ஒருவர் பாத்தியில் இறங்க வேண்டியதுதான்.

"கலை, ராத்திரி வண்டிகிட்ட போனியா?"

உள்ளே அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த கலைமதிக்கு அது ஏழாவது மாதம்.

"எனக்கு வேற வேலவெட்டி இல்ல பாரு. குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல, உன் வண்டிக்கு வந்து கால் அமுக்கி வுடறேன்."

அவன் சிரித்தான். பிறகு வெளியே போய், இரண்டையும் மறுபடி மடக்கினான்.

அந்த வண்டியை அவன் தேர்ந்தெடுத்த கதையே தனி. சுனாமி வந்துபோன கோடையில், இரும்பை கிராமத்துப் பக்கத்தில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்புகிறார், வண்டியை விற்கிறார் என்று மெக்கானிக் அந்தோணிராஜ் சொல்லி அனுப்பினான். அதற்கு முன் பாலகுரு பார்க்காத வண்டி இல்லை. புல்லட் பார்த்தான், வரப்பு அதன் கனம் தாங்காது. நூறு சிசி வண்டிகள் பார்த்தான். டயர் மெல்லிசு, சைலன்சர் தரையோடு போகிறது, முழங்கால் தண்ணீரில் மூச்சு நின்றுவிடும். இந்த வண்டியோ குதிரை மாதிரி உயர்ந்து நின்றது. கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். சீட்டுப் பக்கமாகத் தூக்கிக் கட்டிய சைலன்சர். ஆள் ஏறினால் பதிந்து, இறங்கினால் எழும்பும் நீளமான ஷாக் அப்சார்பர்.

"ரோட்டுக்கும் போவும், காட்டுக்கும் போவும்ணா. சேறு, மணலு, தண்ணி எதுக்கும் அசராது. அதுக்குன்னு ரேஸ் வண்டின்னு நெனச்சிடாத. நம்பர் பிளேட்டு, இண்டிகேட்டரு, ரெண்டு பக்கமும் கண்ணாடி, ஆர்சி புக்கு, எல்லாம் பக்கா. எந்த போலீஸும் கை காட்ட முடியாது" என்றான் அந்தோணிராஜ்.

"மணல்ல ரெண்டு பேரு போலாமா?"

"போலாம்."

"பின்னாடி இருக்கறவன் தடால்னு ஏறி உக்காந்தா சாயுமா?"

"சாயாது."

"அவன் ஏறும்போதே கெளம்பிட்டா?"

அந்தோணிராஜ் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "பொண்ணு பாக்க வந்தவன் பொண்ண வுட்டுட்டு மாமியாரப் பத்தியே கேக்கற மாதிரி இருக்குது. வண்டி ஓட்டப் போறது நீ. பின்னாடி யாருண்ணா வரப்போறாங்க?"

பாலகுரு அந்தோணிராஜைப் பின்னால் உட்காரவைத்து, சீட்டு எவ்வளவு பதிகிறது என்று சாண் வைத்துப் பார்த்தான். தனியாக உட்கார்ந்தால் அரைச் சாண். இரண்டு பேர் என்றால் முழுச் சாண். மனசுக்குள் குறித்துக்கொண்டான்.

நடந்துமுடிந்துவிட்ட ஒரு நாளைக்குத்தான் அவன் அந்த வண்டியை வாங்கினான். அது அவனுக்கும் தெரியும்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கலைமதி பிரம்மதேசத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பாலகுருவும் இருசப்பனும் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் உடைந்த கரையைப் பார்க்கப் போயிருந்தார்கள். இருசப்பன் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டுகிறவன். ஆனால் சின்ன வயசிலிருந்து பஸ் கண்டக்டர் ஆகவேண்டும் என்று ஆசை. பாலகுருவின் பழைய வண்டியில் ஏறினால் முதுகில் பட் பட்டென்று இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்!" என்பான். அந்தத் தட்டு விழுந்த பிறகுதான் பாலகுருவின் மணிக்கட்டு ஆக்சிலேட்டரைத் திருகும். பழக்கம் அப்படி.

முதலில் முகத்துவாரத்துப் பக்கம் இருந்த கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. பிறகு சேற்றுநாற்றம், கிணறு தூர் வாரும்போது வருமே, அந்த நாற்றம். பிறகு பாத்திகளின் விளிம்பில் கறுப்பாக, முள்மரங்களைத் தள்ளிக்கொண்டு ஒரு கோடு. பாலகுரு வண்டியை உதைத்தான். இருசப்பன் ஓடிவந்து கேரியரைப் பிடித்தான். ஒரு கால் ஃபுட்ரெஸ்டில். ஒரு கால் மண்ணில்.

தட்டு விழவில்லை. ஆனாலும் பாலகுருவின் மணிக்கட்டு திருகியது.

"பாலு, நான் இன்னும் ஏறலடா!"

வண்டியின் பின்பக்கம் ஒருமுறை இழுபட்டது. பிறகு லேசாகிவிட்டது.

'வரப்பில் வண்டியைத் திருப்ப முடியாது. நின்றிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம்.' இதைப் பாலகுரு யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் சொன்னது வேறு. "கத்திக் கத்திக் கூப்ட்டேன், அவன் கொட்டாய் பக்கம் ஓடிட்டான்" என்றான். எல்லோரும் நம்பினார்கள். வேலிக்காத்தான் புதரிலிருந்து இருசப்பனை எடுத்தபோது, அவனுடைய மஞ்சள் சட்டை முள்ளில் கிழிந்து தொங்கியது. மூடிய விரல்களுக்குள் சிவப்பாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தது. அது பின்விளக்கின் துண்டு என்று பாலகுருவுக்கு மட்டும் தெரிந்தது.

ஃபுட்ரெஸ்ட் அடுத்த நாளும் விரிந்திருந்தது. அதற்கடுத்த நாளும்.

ஐப்பசி மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடித்த ஒரு நண்பகலில், மரக்காணத்துக்குப் போகும் வழியில் இருசப்பனின் மனைவி அமராவதி ரோட்டோரம் கைகாட்டினாள். வெயில் பாத்தித் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. காக்கை குருவிச் சத்தம் இல்லை. நிழல் என்று ஒன்று காலடிக்குள் சுருண்டு கிடந்தது.

"பஸ்ஸு போயிடுச்சுண்ணா. ரேசன் கடை வரைக்கும் வுட்டுடறியா?"

வண்டியை ஓரங்கட்டினான். அவள் அவன் தோளைப் பிடித்து ஏறினாள். உட்கார்ந்தாள். பாலகுரு காத்திருந்தான். சீட்டு இன்னும் பதியும் என்று காத்திருந்தான்.

பதியவில்லை. அது ஏற்கெனவே முழுச் சாண் பதிந்திருந்தது. தான் மட்டும் உட்கார்ந்திருந்தபோதே.

"நல்ல வண்டிண்ணா. அவருக்கு இந்த மாதிரி வண்டின்னா உசுரு" என்றாள் அமராவதி வழியில். சற்றுப் பொறுத்து, "மூணு பேரு உக்காந்த மாதிரி நெருக்கமா இருக்குது, சீட்டு சின்னதோ?" என்றாள். ரேஷன் கடை வாசலில் இறங்கிப் புடவையைத் தட்டிவிட்டாள். "இன்னாண்ணா, இந்த வெயில்ல சீட்டு இப்டி ஈரமா இருக்குது?"

அவள் திரும்பி நடந்தபோது பார்த்தான். புடவையின் பின்புறம் நனைந்திருந்தது. கடை வாசலை அவள் எட்டுவதற்குள் அந்த ஈரம் வெயிலில் காய்ந்து, வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துவிட்டது.

திரும்பி வரும்போது பாலகுரு கண்ணாடியைப் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தான். இடப்பக்கக் கண்ணாடியின் மூலையில், அவன் தோளுக்குப் பின்னால், மஞ்சளாக ஏதோ ஒரு துணி காற்றில் அடித்துக்கொண்டது. அவன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்பேனரை எடுத்து இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினான்.

"கண்ணாடி இல்லாம ரோட்டுக்குப் போனா போலீஸ் புடிக்க மாட்டானா மாமா? அதான் பக்கா வண்டி, பக்கா வண்டின்னு பீத்திக்குவியே" என்றாள் கலைமதி.

"வரப்புல முள்ளு மாட்டுது."

"சரி, என்ன எப்பதான் இதுல ஏத்திட்டுப் போவ? மாசம் ஒருவாட்டி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கும் ரோடு வரைக்கும் நடக்க வுடற. வலி வந்தா கூட நடந்துதான் போவணுமா?"

"குலுங்கும்டி. வயித்துப் புள்ளைக்கு ஆவாது."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். பின்சீட்டு காலியாக இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் யார் என்று கேட்பாள். யார் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

கார்த்திகையில் வானம் கிழிந்துகொண்டது. நாள் முழுக்க ஓட்டின் மேல் கொட்டுகிற மழை; ஈர விறகின் புகை; சுவரெல்லாம் வியர்த்தது மாதிரி உப்பு நீர் வடிந்து, அந்தச் சத்தமும் வாசமும் மனுஷனுக்குப் பழகிப்போய், நின்றால்தான் பயம் வரும் என்கிற அளவுக்கு விடாமல் பெய்தது. பாத்திகளின் வரிசை மறைந்து எல்லாம் ஒரே தண்ணீரானது. பொழுது சாயும் நேரத்தில் ஈ.சி.ஆரில் ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். காற்று அதைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தது. கழுவெளி... உடையும்... தாழ்வான பகுதி... உடனே...

பாலகுரு கதவைத் திறந்தான். வரப்பு மட்டும் நாலு விரல் உயரத்துக்கு மேலே தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

நடந்து போனால் பாதி வழியிலேயே வரப்பு மூழ்கிவிடும். வண்டி போகும். இதற்காகத்தானே வாங்கினான்.

தாழ்வாரத்துக்குப் போய் வண்டியின் முன் நின்றான். ஃபுட்ரெஸ்ட் மடங்கியிருந்தது. இத்தனை நாளில் முதல் முறையாக, அவன் மடக்கியபடியே இருந்தது. சீட்டைத் தடவிப் பார்த்தான். உலர்ந்திருந்தது. அழுகை முட்டியது அவனுக்கு.

"எறங்கிட்டியா இருசா?" என்று மெதுவாகக் கேட்டான். "பொண்டாட்டி புள்ளய ஏத்தறேன்டா. வுட்டுடு."

மழைதான் பெய்தது.

வண்டியை வரப்பின் முனைக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்தான். ஒரே உதையில் பிடித்தது. கலைமதி துணிப்பையை அவன் முன்னால் டேங்கின் மேல் வைத்தாள். முக்காடாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் சாக்கு மழையில் படபடத்தது.

"ஆஸ்பத்திரி சீட்டு அலமாரியில இருக்குது. எடுத்துனு கதவ சாத்திட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா."

அவன் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எஞ்சின் சத்தம். மழைச் சத்தம். பின்னால் எங்கோ, கழுவெளிப் பக்கம், மடமடவென்று ஒரு சத்தம். கரை இடிகிற சத்தம். முகத்துவாரத்திலிருந்து கொக்குகள் எழும்பின. சேற்றுநாற்றம் வந்தது. கிணறு தூர் வாரும்போது வருமே, அந்த நாற்றம்.

"கலை! சீக்கிரம்!"

ஃபுட்ரெஸ்ட் டக்கென்று இறங்கியது. தோளில் ஒரு கை. சீட்டு பதிந்தது. முழுச் சாண்.

முதுகில் இரண்டு தட்டு.

பட். பட்.

மணிக்கட்டு திருகியது.

வண்டி பாய்ந்தது. அந்தோணிராஜ் சொன்னது பொய்யில்லை. சேற்றிலும் வழுக்கவில்லை. தண்ணீரிலும் மூச்சு நிற்கவில்லை. இரண்டு பேர் கனத்தோடு குதிரை மாதிரி போனது. ரோட்டு வெளிச்சம் தெரிந்தது. லாரி ஒன்று போனது. வந்துவிட்டோம், காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தான். இந்தத் தடவை காப்பாற்றிவிட்டேன்.

பாதி வரப்பில்தான் அது உறைத்தது.

கலைமதி முதுகில் தட்டமாட்டாள். சட்டையைப் பிடித்துக்கொள்வாள். வளையல் சத்தம் கேட்கும்.

வளையல் சத்தம் இல்லை.

"கலை?"

 தோளில் இருந்த கை ஈரமாக இருந்தது. மழை ஈரம் இல்லை. சட்டைக்குள் இறங்கி எரிந்தது. கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்தான். இரண்டு ஓட்டைகள் இருந்தன.

வண்டியை நிறுத்தினான். கால் ஊன்றினான். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. திருப்ப வரப்பில் இடமில்லை. வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடலாம். ஓடினால் போய்விடலாம். ஒருவேளை போய்விடலாம்.

வெகு தூரத்தில், மழைக்கு அந்தப் பக்கம், அவள் குரல் கேட்டது.

"மாமா! நான் இன்னும் ஏறல மாமா!"

முதுகில் மறுபடியும் இரண்டு தட்டு.

எஞ்சின் உறுமியது. வண்டி ரோட்டைப் பார்த்து நகர்ந்தது. பாலகுரு குனிந்து தன் வலது கையைப் பார்த்தான். அதன் மேல் இன்னொரு கை இருந்தது. ஊறி வெளுத்த கை. நகக்கண்களில் உப்பு. விரலிடுக்கில் சிவப்பாக ஒரு துண்டு.

அந்தக் கை அழுத்தவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தது. திருகிக்கொண்டிருந்தது அவன் கைதான்.