சாய்வாக வெட்டிய பட்டைகள்

காலையில் வெட்டிப் பையில் போட்ட சிவப்புத் துணிப்பட்டை மறுபடி மரத்தில் கட்டியிருந்தது.

அதே மலையேற்றச் சங்கத்தின் பெயர். அதே பூஞ்சைக் கறை. ஓரத்தில் லியாவின் கத்தி போட்ட சாய்வான வெட்டு.

தைவான் மலைகளில் சங்கங்கள் வழி தெரிவதற்காக இப்படிப் பட்டை கட்டிவிட்டுப் போகும். மண்ணைப் பார்த்து நடக்கத் தெரியாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மலைக்குக் கட்டிவிட்ட கோவணம் என்பான் லியாவ். வழி நெடுக வெட்டிக்கொண்டே வந்திருந்தான். மதியம் சோற்றுருண்டை தின்றபோது மைத்துனன் ஷெங் கெஞ்சினான்.

"மிச்சத்தையாவது விட்டு வைங்க மாமா. முட்டி வீங்கிடுச்சு. மெதுவாத்தான் வருவேன், வழி தெரிய வேணாமா?"

"கண்ணு முட்டியிலயா இருக்கு?"

"எனக்கு ஒண்ணு ஆனா அக்காவுக்கு என்ன பதில் சொல்வீங்க?"

"உன் தம்பி மலை ஏற வரல, தேர் மாதிரி அசைஞ்சு வந்தான்னு சொல்வேன். ஓடைகிட்ட இருக்கேன். வந்து சேரு."

ஓடையருகே காத்திருந்தான். அழுகிய பாசியின் வாடையோடு மூடுபனி ஏறி வந்து மூங்கில் புதர்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. ஷெங்கின் ஊன்றுகோல் கல்லில் தட்டும் ஓசை மட்டும் வரவில்லை. சோம்பேறி என்று முனகியபடி அவனைத் தேடித் திரும்பி ஏறியபோதுதான் அந்தப் பட்டை.

ஷெங்கின் வேலை. சாப்பிடும்போது பையிலிருந்து உருவியிருப்பான். கோழை.

ஆனால் பட்டை இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது.

லியாவ் பையைத் திறந்தான். உள்ளே ஒரு பட்டைகூட இல்லை. ஈர மண் மட்டும்.

சற்றுத் தள்ளி இன்னொன்று தெரிந்தது. பாதையில் அல்ல; இடப்புறம், புதருக்குள். அதன் கீழே சேற்றில் ஷெங்கின் காலடி. பக்கத்தில் ஊன்றுகோல் குத்திய துளை.

பட்டை காட்டிய வழியே போயிருக்கிறான், முட்டாள். வேறு எதைப் பார்த்துப் போவான்? மற்றவை எல்லாவற்றையும் வெட்டியாகிவிட்டது.

"டேய் ஷெங்!"

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. டக். டக். கல்லில் இரும்பு.

லியாவ் ஓடினான். மூங்கில் முகத்தைக் கீறியது. சிவப்பு. மஞ்சள். மறுபடி சிவப்பு. எல்லாவற்றிலும் சாய்வான வெட்டு. சேற்றில் காலடித் தடமும் கூடவே வந்தது.

மூங்கில் முடிந்தது. காலடியும் முடிந்தது.

முன்னால் மலை இல்லை. சரிந்துபோன விளிம்பு. கீழே காற்று.

பட்டைகள் மட்டும் முடியவில்லை. விளிம்பைத் தாண்டி, கிளை இல்லாத வெளியில், வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் இறுக்கமான முடிச்சு. முடிச்சுக்குள் ஒன்றுமில்லை. கடைசியாகத் தெரிந்தது நீலம், ஷெங்கின் மழைக்கோட்டிலிருந்து சாய்வாக வெட்டிய துண்டு.

அதற்கும் அப்பால், நடுவெளியில், ஊன்றுகோல் தட்டியது.

டக். டக்.

திரும்பி வந்துகொண்டிருந்தது.