கிணற்றுச் சுவரில் ஒரு ஜோடி ஷூ

காலை 7.10. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றடியில் நின்றவர்கள் நான்கு பேர்: ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ராஜபாண்டி, அவர் மகன் சுரேஷ்கண்ணன், பழம் பறிக்க வந்து உடலை முதலில் கண்ட சந்தனம்மாள், சப்-இன்ஸ்பெக்டர் ஏசுதாசன். ஐந்தாவதாகப் பவானி, ஈரம் சொட்ட, வெறுங்காலோடு கட்டிலில் கிடந்தாள்.

பவானி ராஜபாண்டியின் தம்பி மகள். பெற்றோரை இழந்தவளை அவர்தான் வளர்த்தார். பதினோரு வருடம் ஊர் ஊராய், நாடு நாடாய்ப் போய் டென்னிஸ் ஆடினாள். வலது தோளில் ஆபரேஷன் செய்ததும் ஆட்டம் முடிந்தது. மூன்று வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடது கையால் ஆடிக் கற்றுக்கொடுத்தாள். அவளுடைய கோப்பைகளும் பழைய ஆட்டச் சாமான்களும் ராஜபாண்டி வீட்டுக் கண்ணாடி பீரோவில் இருந்தன. வந்தவர்களுக்கு அதைத் திறந்து காட்டிப் பெருமை பேசுவது சுரேஷ்கண்ணனின் வழக்கம்.

கிணற்றுச் சுவரில் ஒரு ஜோடி வெள்ளை ஷூ, ஒன்றையொன்று ஒட்டி இருந்தது.

"ஆட்டம் போச்சேங்கிற ஏக்கம்யா," என்றார் ஏசுதாசன். "தானா விழுந்துருச்சுன்னு எழுதிருவோம்."

"எழுதாதீக," என்றார் ராஜபாண்டி. "தோத்துட்டு வந்த அன்னைக்கும் ரெண்டு தட்டு சோறு தின்னவ அவ."

குனிந்து பார்த்தார். இடது ஷூ நன்றாக இருந்தது. வலது ஷூவின் நுனி, உள்துணி தெரியத் தேய்ந்திருந்தது.

"சந்தனம், நீ வந்தப்ப இது இங்கனதான் இருந்துச்சா?"

"ஆமாய்யா. ஆறரைக்கு வந்தேன். பாப்பா மிதக்குது. கௌமாரியாத்தா சத்தியமா நான் எதையும் தொடலை."

பவானியின் ஸ்கூட்டர் தோட்ட வாசலில், சாவியோடு நின்றது. சீட்டைத் தூக்கினார். உள்ளே, தோட்டத்துக்குள் இறங்குமுன் அவள் கழற்றி வைத்த, செம்மண் ஒட்டிய இன்னொரு ஜோடி. அதில் தேய்ந்திருந்தது இடது நுனி.

7.35. மகனிடம் வந்தார்.

"ஏலே, தங்கச்சிய கடைசியா எப்பப் பாத்த?"

"நேத்துச் சாயந்தரம்ப்பா. ஆடிட்டு வந்துச்சு."

"கால்ல என்ன?"

"இந்தா, இந்த ஷூதான். எப்பவும் இதத்தான போடும்."

ராஜபாண்டி மகனின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தார். ஒரே மகன்.

"டென்னிஸ்ல சர்வீஸ் அடிக்கையில பின்னாடி வைக்கிற காலோட நுனி தரையில இழுபடும்டா. வலக்கைக்காரிக்கு வலது நுனி தேயும், இடக்கைக்காரிக்கு இடது. இது அவ தோள் நல்லாருந்த காலத்து ஷூ. மூணு வருசமா நம்ம பீரோவுல கிடந்தது. அந்தச் சாவி உன் கொத்துல இருக்கு."

சுரேஷ்கண்ணன் தரையில் உட்கார்ந்தான்.

"தோட்டத்துல சித்தப்பா பங்கு தனக்குத்தான், திராட்சைப் பந்தலப் பிடுங்கிட்டுப் பிள்ளைகளுக்கு கிரவுண்டு போடப்போறேன்னுச்சு. நான் வளத்த கொடிப்பா. விடியக்காலைல மோட்டார் போட வந்த எடத்துல பேச்சு முத்திருச்சு. தள்ளிட்டேன்."

"கத்துனாளா?"

"அண்ணேன்னு கூப்பிட்டுச்சு. ஒத்தக் கையால நீந்த முடியல."

"மோட்டார் ரூம்ல கயிறு கெடக்கு. அத எடுக்காம, அவளா விழுந்ததாக் காட்ட நீ ஷூ எடுக்க வீட்டுக்கு ஓடிருக்க."

ஏசுதாசன் அருகில் வந்தார். "அய்யா, உங்க குடும்பம் மானமான குடும்பம். கால் தவறி விழுந்ததா எழுதிருவோமா?"

"அவளும் என் குடும்பம்தான். நடந்தத எழுதுங்க. ஒரு வரி மாத்துனாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அந்த வருடம் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில், சுரேஷ்கண்ணன் குமுளி வழியாகக் கேரளாவுக்கு ஓடும்போது போலீஸ் மடக்கியதாகப் பேசிக்கொண்டார்கள். அது பொய். உடல் கிடைத்த அன்றே, காலை 9.20-க்கு அவன் கையைப் பிடித்து ஸ்டேஷன் படியேற்றியவர் அவனைப் பெற்றவர்.