இருபத்து மூன்றாவது ஊர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மியூனிக் நகரத்தில் ஒரு கடையும் திறக்காது, ஒரு மனுஷனும் எழுந்திருக்க மாட்டான். வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் அந்த விடுதியிலோ கேட்கவே வேண்டாம், பத்து மணி வரை மயானம்தான். அதனால் ஒன்பது மணிக்கே தடதடவென்று படியிறங்கி ஒரு பெண் அழுதுகொண்டு வந்தபோது, சாவி கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரோஸினா ஹாபெர்ல் கையிலிருந்த ப்ரெட்ஸெல் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

ரோஸினா முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பொய் சொல்லும் முகங்களைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாகிவிட்டது என்பாள்.

"ஃப்ராவ் ஹாபெர்ல், என் நோட்டு போச்சு!" என்றாள் வந்தவள். ஜார்ஜியா நாட்டிலிருந்து ஓவியம் படிக்க வந்த தமுனா. "படம் வரையற நோட்டு. அலமாரியில வெச்சிருந்தேன். இப்ப பாத்தா காணோம்."

"முதல்ல உக்காரு. மூக்கத் துடை. எப்ப கடைசியாப் பாத்த?"

"நேத்து காலைல. நாளைக்குப் பகல் பன்னெண்டு மணிக்குள்ள கல்லூரியில குடுக்கணும். அடுத்த வருஷமும் இங்கயே படிக்க உதவித்தொகை, ஒரே ஒரு ஆளுக்குத்தான். குடுக்கலைன்னா ஜூலையில மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்க போனா அப்பாவோட டயர் கடைதான், அப்புறம் பென்சிலத் தொடவே விடமாட்டாங்க."

செப்டம்பரிலிருந்து வாரக் கடைசியில் ஓர் ஊர் என்று இருபத்திரண்டு ஊர் போயிருந்தாள். ப்ராக், கென்ட், ட்ரியெஸ்தே, லுப்லியானா. ஊருக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரமாக முதுகு காட்டி ஒரு பெண் நிற்பாள். போர்ச்சுகல்காரி பெனெதிதா, தமுனாவின் உயிர்த்தோழி, ஒரே வகுப்பு.

"கட்டடம் எவ்வளவு பெரிசுன்னு தெரிய ஒரு ஆள் வேணுமே. அவதான் குளிர்ல நடுங்கிக்கிட்டே நிப்பா, பாவம்," என்றாள் தமுனா.

இதற்குள் விடுதியின் பராமரிப்பாளர் கொர்பீனியன் கையில் குழாய் முறுக்கும் ஸ்பேனரோடு வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. துப்பறிவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"பூட்டு உடைஞ்சிருக்கா?" என்றார் ஆவலாக.

"இல்ல. அலமாரியோட மாத்துச் சாவி கீழ சமையலறையில மாவு டப்பாவுக்குள்ள இருக்கும். அது எங்க மாடியில மூணு பேருக்குத்தான் தெரியும். பெனெதிதா, கஹல், யோருன்."

"நேத்து யார் யார் எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் ரோஸினா.

"நான், பெனெதிதா, கஹல் மூணு பேரும் சால்ஸ்பூர்க் போனோம். யோருன் மட்டும் இங்கயே இருந்தா."

"முடிஞ்சது கதை!" கொர்பீனியன் தொடையைத் தட்டினார். "அந்த நார்வேக்காரிதான். பாத்திரம் கழுவற தகராறுல போன மாசம் உன்கூட ஒரு வாரம் பேசாம இருந்தாளே, எனக்குத் தெரியாதா?"

"கொஞ்சம் பொறுங்க கொர்பீனியன். ஏம்மா, எங்க போனாலும் நோட்டும் கையுமா இருப்பியே. நேத்து ஏன் கொண்டுபோகல?"

"மழை வரும்னு பெனெதிதா சொன்னா. முடிச்சு வெச்ச நோட்டு, நனைஞ்சா வம்புன்னு."

"மழை வந்துதா?"

"இல்ல, நல்ல வெயில்."

ரோஸினா தலையாட்டினாள். "திரும்பி வரப்போ மூணு பேரும் ஒண்ணாத்தான் வந்தீங்களா?"

"இல்ல. பகல்ல அவளுக்குப் புது ஷூ கடிச்சுக் கொப்புளம் வந்துருச்சு. 'நீங்க மலை ஏறுங்க, நான் காப்பி குடிச்சுட்டு மெதுவா வரேன், எனக்குத் தனியா டிக்கெட் வாங்கிக்கறேன்'னு சொல்லி எங்க டிக்கெட்ட என்கிட்ட குடுத்துட்டா. நானும் கஹலும் நாள் முழுக்க ஒண்ணாவே இருந்து ஏழு மணிக்கு வந்தோம். அவ எட்டு மணிக்கு வந்தா."

"டிக்கெட் வெச்சிருக்கியா?"

தமுனா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பவேரியா நாள் டிக்கெட். எத்தனை பேர் என்று சொல்லி இயந்திரத்தில் வாங்கி, போகிறவர்கள் பெயரைப் பேனாவால் எழுதிக்கொண்டால் சால்ஸ்பூர்க் வரை நாள் முழுக்கப் போய்வரலாம். பெயர் இல்லாதவர் அதில் பயணம் செய்யக் கூடாது. பழைய பழக்கத்தில் ரோஸினா அதை வெளிச்சத்தில் பிடித்தாள். குண்டு குண்டான கையெழுத்தில் தமுனா, கஹல் என்று இருந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரண்டு முத்திரை.

"யார் எழுதினது?"

"பெனெதிதா. டிக்கெட் எல்லாம் அவ பொறுப்பு. காலைல பரிசோதகர்கிட்ட காட்டினதும் அவதான். பிப்ரவரியில ஒரு தடவ பேர் எழுத மறந்து ஆளுக்கு அறுபது யூரோ தண்டம் கட்டினோம். ரயில்லயே அழுதுட்டா. அதுலேருந்து எங்களத் தொடவே விடமாட்டா."

ரோஸினா ப்ரெட்ஸெலை எடுத்து மிச்சத்தைத் தின்று முடித்தாள். "கொர்பீனியன், மூணு பேரையும் சமையலறைக்குக் கூப்பிடுங்க."

கஹல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். யோருன் ஏற்கெனவே முகம் சிவந்திருந்தாள். பெனெதிதா மேல்மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து தமுனாவைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, நோட்டக் காணோமாமே! அழாதடி, தேடிடலாம்!"

"தேட வேண்டியதே இல்ல," என்றார் கொர்பீனியன், யோருனை முறைத்தபடி.

"என்னை ஏன் பாக்கறீங்க? வீட்டுல இருந்தது ஒரு குத்தமா? காதுல பாட்டு மாட்டிக்கிட்டு கட்டுரை எழுதிட்டிருந்தேன். யானை வந்திருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலம்மா," என்றாள் ரோஸினா. "பெனெதிதா, கால் எப்படி இருக்கு?"

"காலா? ஓ... பரவாயில்ல."

"அதான் படியில பாத்தேன். கொப்புளம் எப்ப வந்துது?"

"நேத்து பகல்ல. சால்ஸ்பூர்க்ல."

"அதுக்கு முன்னாடி தனியா திரும்பற உத்தேசம் இல்லியே?"

"சேச்சே, எதுக்கு?"

ரோஸினா டிக்கெட்டை மேசை மேல் வைத்தாள். "காலைல மூணு பேர் ரயில் ஏறினீங்க. இதுல ரெண்டு பேர்தான் இருக்கு."

கொர்பீனியன் எட்டிப் பார்த்தார். "எழுத மறந்திருப்பா."

"பேர மறக்கலாம். ஆனா இயந்திரம் மறக்காதே. கீழ பாருங்க. வாங்கின நாள் வெள்ளிக்கிழமை. பயணிகள் ரெண்டு பேர். சனிக்கிழமை பகல்ல வரப்போற கொப்புளத்துக்கு இவ வெள்ளிக்கிழமையே டிக்கெட் வாங்கிட்டா. காலைலயே இவ பையில இவளுக்குன்னு தனி டிக்கெட் இருந்திருக்கு. ரெண்டையும் சேத்து இவளே காட்டினதால உங்க கண்ணுல படல. தண்டத்துக்குப் பயந்த பொண்ணு, டிக்கெட் இல்லாம ஏற மாட்டா. பன்னெண்டு மணி ரயில்ல ஏறினா ரெண்டு மணிக்கு மியூனிக். மாவு டப்பா, சாவி, நோட்டு. எட்டு மணிக்கு நொண்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தாப் போதும்."

தமுனா டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நோட்டுகூட அந்த நேரத்தில் நினைவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குத் தானும் பெனெதிதாவும் ஒரே தட்டில் நூடுல்ஸ் தின்றது நினைவுக்கு வந்தது. அப்போதே அந்த டிக்கெட் அவள் பையில் இருந்திருக்கிறது.

"பொய்னு சொல்லுடி," என்றாள்.

"இருக்கறது ஒரே இடம்," என்றாள் பெனெதிதா. "நானும்தான் விண்ணப்பம் போட்டேன். உன்கிட்ட சொல்லல. உன் நோட்டு போனா எனக்குத்தான் கிடைக்கும்."

"கேட்டிருந்தா பேசியிருக்கலாமே! இருபத்திரண்டு ஊர் சுத்தினோமே, ஒரு ரயில்லகூட உனக்கு வாய் வரலியா?"

"எத்தனை வாரம் உன் முன்னாடி முதுகைக் காட்டிக்கிட்டு நின்னிருப்பேன்? என்னையும் உக்காந்து வரைய விட்டியா ஒரு நாளாவது?"

அது உண்மையா பொய்யா என்று தமுனாவுக்கே தெரியவில்லை. தெரியாததுதான் அதிகம் வலித்தது. பெனெதிதா ஷூவைக் கழற்றி உள்ளேயிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து வைத்தாள். ரயில் நிலையத்தில் பயணிகள் சாமான் வைக்கும் பெட்டகத்தின் சாவி. குதிகாலில் கொப்புளம் இருந்த சுவடே இல்லை.

"யோருன்," என்றார் கொர்பீனியன் தரையைப் பார்த்தபடி, "நான் அவசரப்பட்டுட்டேன்மா."

"அடுத்த வாரம் பாத்திரம் நீங்க கழுவுங்க," என்றாள் யோருன்.

பெட்டகத்தில் நோட்டு பத்திரமாக இருந்தது. ஒரு பக்கமும் கிழியவில்லை.

திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்குக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு பெண் அதைப் புரட்டிப் பார்த்தாள். தமுனா எதிரே நின்றிருந்தாள். ப்ராக்கில் பாலத்தருகே முதுகு, கென்ட்டில் படகுத்துறையில் முதுகு, ட்ரியெஸ்தேயில் கடலைப் பார்த்து முதுகு.

"அழகா இருக்கு. யாரு இந்தப் பொண்ணு? எல்லா ஊர்லயும் கூடவே இருக்காளே. உன் தோழியா?"

தமுனா ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

"இல்லீங்க. கட்டடத்தோட அளவு தெரியறதுக்காக நிறுத்தின ஆளு."