கறுப்பு மொட்டு

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தாலே எட்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆங்கிலத்தில் சாம்பலுக்கும் ஆஷ் மரத்துக்கும் ஒரே பெயர். அதனால் இங்கிலாந்தில், அவளுடைய சசெக்ஸ் கிராமத்தில், அன்று பிள்ளைகள் கறுப்பு மொட்டுள்ள ஆஷ் குச்சியோடுதான் பள்ளிக்கு வர வேண்டும். குச்சி இல்லாதவர் காலை மற்றவர்கள் மிதிக்கலாம். மதிய மணி அடிக்கும்வரை இதுதான் சட்டம். எந்தப் புண்ணியவான் போட்டதோ!

இந்த வருடம் கூடப் படிக்கும் சிரில் முந்தின நாளே பள்ளி ஆஷ் மரத்தில் எட்டிய குச்சிகளையெல்லாம் ஒடித்து ஓடையில் போட்டுவிட்டான். நீளமான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டான். ஆஷ் என்றால் பழைய காலத்தில் ஈட்டி என்று அர்த்தமாம். டீச்சர் சொன்னதிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் வேலியைக் குத்திக்கொண்டே வந்தான்.

எட்னா தன் வீட்டு மரத்துக் குச்சியோடு வந்தபோது, லண்டனிலிருந்து வந்த புதுப்பெண் ஆலிவ் வாசலில் அழுதுகொண்டிருந்தாள். அவளது கிழிந்த துணிச்செருப்புக்குள் விரல் வீங்கியிருந்தது.

"யாருடி மிதிச்சது?"

"நான்தான்," என்றான் சிரில். "குச்சி இல்ல. சட்டம்னா சட்டம்!"

"மரத்தையே மொட்டையடிச்சுட்டு சட்டமா பேசற? வெட்கமா இல்ல?"

எட்னா தன் குச்சியை உயர்த்தினாள். அது நன்றாகக் கிளைத்தது, நுனிக்கு நுனி மொட்டு. படக் படக்கென்று ஒடித்தாள். ஆலிவுக்கு ஒன்று, வெறுங்கையோடு நின்ற மற்றவர்களுக்கு ஒவ்வொன்று.

"இத்துனூண்டு குச்சி செல்லாது!" என்றான் சிரில்.

"மொட்டு இருந்தா போதும். நீளத்துக்கு எங்கடா சட்டம்?"

சிரில் தன் ஈட்டிக் குச்சியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். எட்னா அதன் நுனியைப் பார்த்தாள்.

"உன் மொட்டு எங்கடா?"

வேலியைக் குத்தியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். எட்னா ஆணியடித்த பூட்ஸை ஓங்கினாள். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு காலை இறக்கினாள்.

"வலி ஆலிவோடது. ஆலிவ், நீ மிதி!"

ஆலிவ் காலைத் தூக்கினாள்.

"ஐயோ அம்மா!" என்று அலறினான் சிரில். செருப்பு இன்னும் மேலேதான் இருந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இந்தக் காலால மிதிச்சா எனக்குத்தான் வலிக்கும்," என்று ஆலிவும் சிரித்துவிட்டாள்.

எட்னாவுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் தன் கையிலிருந்த இரண்டு மொட்டில் ஒன்றை ஒடித்து அவனிடம் நீட்டினாள்.

"பிடி, ஈட்டி வீரா! இதையும் வேலியில குத்தாதே."

அன்று மதிய மணி அடிக்கும்வரை வேறு யார் காலும் மிதிபடவில்லை.