நக்காத நாய் வேண்டும்

திருடன் எங்கள் ரைஸ் குக்கரை எடுத்துப் போவதற்கு முன், அதிலிருந்த சோற்றை ஒரு தட்டில் கொட்டி மூடி வைத்திருந்தான். டிவி போனது, கேஸ் சிலிண்டர் போனது. ஆனால் அம்மாவை நடுங்க வைத்தது அந்தத் தட்டுதான்.

"பட்டப்பகல்ல வந்து, அவசரமே இல்லாம சோத்தை மூடி வச்சிட்டுப் போயிருக்கான். அந்த நேரம் துளசி வீட்டுல இருந்திருந்தா?" என்று அம்மா கேட்டார்.

துளசி நான்தான். அன்று பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி இருந்ததால் நான் வீட்டில் இல்லை. மற்ற நாட்களில் பள்ளி விட்டு வந்ததும் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். அப்பாவுக்கு இதே பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை. அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரிலுள்ள தொழிற்சாலையிலிருந்து பாலத்தைத் தாண்டி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அம்மாவும் அப்பாவும் நிறைய நேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு நல்ல நாய் கொண்டு வரப் போறோம்மா. திருடனைக் கண்டா குரைக்கணும், பிள்ளையைக் கண்டா கடிக்கக் கூடாது. அப்படி ஒண்ணு அமையலைன்னா, அம்மா வேலை செய்யற பக்கமே போயிடலாம். அங்க செகூரிட்டி இருக்கிற பிளாட் நிறைய இருக்கு."

நாய் என்றதும் நான் குதித்தேன். குதித்த கால் தரைக்கு வருவதற்குள் ஹுதாவின் நினைப்பு வந்துவிட்டது.

நூருல் ஹுதா பக்கத்து வீட்டுப் பெண். என் வகுப்புதான். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் முன்னால், நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. அவளுடைய உம்மா நூர்ஜான் ஆன்ட்டி, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தைத்துக் கொடுப்பவர். அவர்கள் வீட்டுக் கூடத்தில் துணியும் ஊசியுமாகக் கிடக்கும், உட்கார ஓர் ஓரம்கூட இருக்காது. அதனால் ஹுதா தினமும் எங்கள் வீட்டு முன்பக்கம் வந்துவிடுவாள். அப்பாவின் மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில் பாய் விரித்து உட்காருவோம். பாதி நேரம் வீட்டுப்பாடம், மீதி நேரம் அரட்டை.

நான் சுவரோரம் போய் நூர்ஜான் ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தையல் மெஷினை நிறுத்தினார்.

"நாய் வளர்க்கிறது உங்க வசதி, துளசி. நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஹுதா தொழுவணும், ஓதப் போகணும். நாய் எச்சில் பட்டுச்சுன்னா ஒரு தடவை மண்ணு கலந்த தண்ணி, ஆறு தடவை நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும். தினமும் அதைச் செஞ்சிட்டு இருக்க முடியுமா, நீயே சொல்லு."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொன்னார். அதற்கு என்ன செய்வது?

நாய் வராவிட்டால் நாங்கள் பத்து காவானுக்குப் போக வேண்டும். நாய் வந்தால் ஹுதா இங்கே வர முடியாது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஹுதா எனக்கு இல்லை.

அப்பாவோ ஒவ்வொரு சாயங்காலமும் கைப்பேசியில் நாய் வகை தேடினார்.

"அல்சேஷன் நல்லா காவல் காக்கும். ஆனா நம்ம வீடு பத்தாது. ரோட்வைலர்? வேணாம், அம்மாவே பயந்து வெளியே நின்னுடுவாங்க. லாப்ரடார் ரொம்ப அன்பான நாய். ஆனா திருடன் வந்தா ஃபிரிட்ஜ் எங்க இருக்குன்னு காட்டும்போல."

"அது நக்குமாப்பா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டேன்.

"நாய்னா நக்கத்தான் செய்யும்லா. நக்காம இருக்க அது என்ன மீனா?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

மறுநாள் ஹுதா பாயில் வந்து உட்கார்ந்ததும் பையைத் திறந்தாள். என் அழிப்பான், என் கதைப்புத்தகம், எப்போதோ அவள் தலையிலேயே தங்கிவிட்ட என் ரிப்பன் கிளிப், எல்லாவற்றையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எதுக்கு இதெல்லாம்?"

"நீ போயிட்டா, இல்ல நாய் வந்துட்டா, அப்புறம் எப்படிக் கொடுக்கிறது?" என்றாள்.

அதன்பிறகு நாங்கள் பேசவில்லை. அன்று வீட்டுப்பாடம் எல்லாம் சரியாக முடிந்தது. அப்படி ஒரு மோசமான நாள் அது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு தீவின் மறுகோடியில் இருக்கும் பாலிக் புலாவ் போனார். அங்கே நல்லம்மாள் அக்கா தன் டுரியான் பழத்தோட்டத்தின் ஓரத்தில், ஆதரவில்லாத நாய்களை வைத்துப் பராமரிக்கிறார். கேட்டவர்களுக்குக் கொடுப்பார்.

உள்ளே போனதுமே ஒரு பழுப்புக் குட்டி ஓடி வந்து என் மடியில் ஏறியது. என் கன்னம், மூக்கு, காது என்று ஓர் இடம் விடாமல் நக்கியது. அதன் வயிறு சூடாக, மெத்தென்று இருந்தது. எனக்கு அந்தக் குட்டிதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"இதையே எடுத்துக்கலாமா?" என்று அப்பா கேட்டார்.

நான் குட்டியைக் கீழே இறக்கி விட்டேன். அது திரும்பத் திரும்ப ஏறியது. திரும்பத் திரும்ப இறக்கினேன். "வேணாம்ப்பா," என்றேன்.

முகத்தையும் கையையும் கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு நாயிடமும் கையை நீட்டினேன். எல்லாமே நக்கின. நீட்டிய கை சொட்டச் சொட்ட நனைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு கறுப்பு நாய் மட்டும் எழுந்து வந்தது. என் கையைப் பார்த்தது. கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்துகொண்டது.

"அது பேரு கோப்பி," என்று நல்லம்மாள் அக்கா அப்பாவிடம் சொன்னார். "அதை யாரும் எடுக்க மாட்டாங்க தம்பி. கொஞ்சாது, மடியில ஏறாது, நக்கக்கூட நக்காது. எடுத்துட்டுப் போனவங்களும் அன்பில்லாத நாய்னு திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க."

"அப்பா, ஹெல்மெட் போட்டுக்கிட்டுத் திருடன் மாதிரி வேலி ஏறுங்க," என்றேன்.

அப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வேலியின் மேல் காலைத் தூக்கிப் போட்டார். மற்ற நாய்கள் எல்லாம் வாலாட்டின. கோப்பி எழுந்து நின்று குரைத்த குரைப்பில் அப்பா வேலியிலேயே மாட்டிக்கொண்டார். பிறகு நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். கோப்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"இதுதான்ப்பா," என்றேன். கிளம்பும்போது பழுப்புக் குட்டி வேலிவரைக்கும் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நல்லம்மாள் அக்கா கோப்பியைத் தன் வேனில் வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டதும் ஒரு வேலை செய்தேன். முன்பக்கக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்தேன். ரோஜாச் சட்டியிலிருந்து மண் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் நிரப்பினேன். நூர்ஜான் ஆன்ட்டியைச் சுவரோரம் அழைத்துக் காட்டினேன்.

"ஆன்ட்டி, இவன் நக்கவே மாட்டான். தப்பித் தவறி நக்கிட்டாலும் மண்ணு இங்கேயே இருக்கு."

அவர் டின்னையும் பார்த்தார், ரோஜாச் சட்டியையும் பார்த்தார்.

"துளசி, கொஞ்ச நேரத்துக்கு முன்னால உன் நாய் அந்தச் சட்டியிலதான் காலைத் தூக்கிச்சு. நான் ஜன்னல்ல இருந்து பார்த்தேன். இந்த மண்ணைக் கழுவறதுக்கே வேற மண்ணு வேணும்."

அவர் உதட்டோரம் சிரிப்பு வந்தது. ஆனால் ஹுதாவை அனுப்புவதாகச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கப் பாயில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். கோப்பி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தான். கட்டிப்பிடித்து அழலாம் என்றால்கூட அதற்கேற்ற நாய் இல்லை அவன். மடியில் ஏறும் குட்டியையும் விட்டேன், ஹுதாவும் வரவில்லை. என்னைப் போல முட்டாள் இந்தப் பினாங்கிலேயே இருக்க முடியாது என்று தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வரும்போதே கோப்பியின் குரைப்பு தெருமுனைவரை கேட்டது. ஓடி வந்து பார்த்தேன். காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு முன்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி கிடந்தது. நூர்ஜான் ஆன்ட்டி யாருக்கோ புதிதாகத் தைத்துக் கொடியில் போட்டிருந்த தொழுகைத் துணி, சுவரைத் தாண்டிப் பறந்து வந்து விழுந்திருக்கிறது. நாய் இருக்கும் இடத்தில்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நூர்ஜான் ஆன்ட்டி நின்றுகொண்டிருந்தார்.

"நீ நாயைத் தொட்டியா, துளசி?"

"இல்ல ஆன்ட்டி. இப்பத்தான் ஸ்கூல் விட்டு வரேன்."

"அப்போ அதை எடுத்துக் கொடு."

நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் துணியை வெயிலில் விரித்தார். முன்புறம் பார்த்தார், பின்புறம் பார்த்தார், ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு பொட்டு ஈரம் இல்ல," என்றார் மெல்ல. "விழுந்ததுல இருந்து ஜன்னல்ல பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கிட்டக்கூட வரலை இவன். தள்ளி உட்கார்ந்துக்கிட்டு என்னைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தான்."

துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. பாயை விரித்து, சாப்பிடாமல்கூட அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது. தோளில் புத்தகப் பையும் கையில் ஒரு மூடிபோட்ட டின்னுமாக ஹுதா உள்ளே வந்தாள். கோப்பி எழுந்து அவளைப் பார்த்தான். ஹுதா அப்படியே நின்றாள். கோப்பி கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவள் டின்னைக் குழாய்க்குப் பக்கத்தில், உயரமான திட்டின்மேல் வைத்தாள்.

"உம்மா சலிச்சுக் கொடுத்த சுத்தமான மண்ணு. எப்பவும் இங்கேயே இருக்கட்டுமாம். இதுல இவன் கால் தூக்காம நீதான் பார்த்துக்கணுமாம்."

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

"என்ன?" என்றேன்.

"என் அழிப்பான்," என்றாள். "ரிப்பன் கிளிப்பும்."

அவை இரண்டும் என்னுடையவை. எடுத்து வர உள்ளே ஓடினேன்.