போயிட்டு வாரேன்

தினமும் விடிந்ததும், முத்தலைத் திட்டின் வீடுகள் தாங்களாகவே விருந்தினர் குளியல் தொட்டிகளை நிரப்பிக்கொள்ளும். அந்தியில், யாருமே இறங்காத அந்த நீரைத் திரும்ப உறிஞ்சிச் சேமித்துக்கொள்ளும். பூட்டிய கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், வீட்டுக்காரர்கள் நாக்கு வறண்டு அதைப் பார்த்திருப்பார்கள். கதவை உடைத்தால் அந்த வீட்டுக் குழாய் நிரந்தரமாக அடைபடும்.

அந்தத் தீவில் நிலத்தடி நீர் கிடையாது. கடல்நீரின் உப்பை நீக்கித் தருவது நன்னீராலை. அதைப் பங்கிடுவது வரவுக்கணிப்பி என்னும் பொறி. அது வேலை செய்யும் விதம் எளிமையானது. படகுத்துறை வாயிலில் பதித்த ஒலிச்செவி, புறப்படுகிறவரின் விடைச்சொல்லைக் கேட்கும். திரும்பி வருவதாகச் சொன்னவருக்கு, அவர் தங்கிய வீட்டிலேயே நீரை ஒதுக்கிவிடும். மிச்சம்தான் வீட்டாருக்கு. சுற்றுலாவை நம்பிய ஊர் அல்லவா? விருந்தாளிக்கே முதல் பங்கு என்று விதி வகுத்தவர்களும் ஊர்க்காரர்களே.

பவளப்பாறைகள் உயிரோடிருந்த காலத்தில், வந்தவர்களுக்கெல்லாம் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தாம். பனியன்களில்கூட அச்சடித்தார்கள். அத்தனை பேரும் மழலைத் தமிழில் அதைச் சொல்லிக் கையாட்டிவிட்டுப் போனார்கள். பாறைகள் வெளுத்துச் செத்தபின் ஒருவரும் வரவில்லை. கணிப்பி மட்டும் காத்திருந்தது.

பிலோமினா வேலை தேடிப் பெருநிலத்துக்குப் புறப்பட்டாள். கணவன் ரபேல் நன்னீராலையின் கடைசி மெக்கானிக். அவன் போனால் ஆலை நின்றுவிடும். அவனுக்கோ சிறுநீரகக் கோளாறு, குடிக்கத் தண்ணீர் போதவில்லை. அவள் ‘போறேன்’ என்று சொன்னால் அவள் பங்கும் அவனுக்குச் சேரும்.

“எங்க, சொல்லிப் பாரு.”

“போ... சீ! எளவு வீட்டுலகூட சொல்லாமத்தான எந்திரிச்சுப் போவோம்? இப்பவும் வாயத் தொறக்காமப் போறனே.”

“பேசாமப் போனா, மனசு மாறி வருவான்னு அதுக்கும் எடுத்து வச்சிரும். உன்ன மாதிரியே அதுவும் சந்தேகப் பேயி.”

சிரித்தபோது அவனுடைய வெடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது.

துறை வரைக்கும் அவள் ‘போறேன், போறேன்’ என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். வாயிலில் ரபேல் பையை எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தாள்.

“போயிட்டு வாரேங்க.”

துறை வாயில் பச்சையாக ஒளிர்ந்தது. “மகிழ்ச்சி! உங்களுக்காகக் காத்திருப்போம்.”

“ஐயோ, இல்ல! போறேன்! போறேன்!”

கணிப்பி முதற்சொல்லை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவதெல்லாம் பிரிவுத் துயரப் புலம்பல் என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

வீடு திரும்பிய ரபேல் குழாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. இத்தனை நாள் ஒரு குடத்தில் நாளை ஓட்டியவள், இப்போது விருந்தாளி. கண்ணாடிக்கு அப்பால் அவளுக்காகத் தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. கதவில் அவள் பெயர் மின்னியது: “நல்வரவு, பிலோமினா.”

துறையின் அறிவிப்புப் பலகை, ஊர் காலியாகக் காலியாக, வரலாறு காணாத சுற்றுலாப் பருவத்தை அறிவித்துக்கொண்டிருந்தது.